துணிக்கூடத்தில் ஒரு ஹீட்டர்

இட்லி மாவு பொங்குவதற்காக ஒரு மலையையே சூடாக்கப் பார்த்தவள் உலகத்தில் ஜெயபாரதி ஒருத்தியாகத்தான் இருப்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு அவளுக்கு மட்டும் வரவில்லை.

துபாய் கராமாவில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கும் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஜனவரியில் ஒரு வார இறுதிக்கு ராஸ் அல் கைமா மலைமேல் ஒரு முகாமுக்குக் கிளம்பின. அங்கே வரிசையாக எட்டு கேரவன்கள். வண்டிக்குள் படுக்கையும் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு சமையலறையும் இருக்கும். வண்டியின் பக்கவாட்டில் தடித்த துணியை இழுத்துக் கட்டி ஒரு கூடம் போட்டிருப்பார்கள். அதற்கு ஆனிங் என்று பெயர். வேளைக்கு ஒரு குடும்பம் சமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சனிக்கிழமைக் காலை இட்லிக்கு ஜெயபாரதி தானே முன்வந்து பெயர் கொடுத்தாள். முப்பது பேருக்கு இட்லி. வீம்பு என்றால் அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த எட்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே ஜெனரேட்டர் லைன். ஆளாளுக்கு இஷ்டப்படி இழுத்தால் எல்லோருக்கும் இருட்டு. ஆகவே வண்டிக்குள் முகாம் கொடுக்கிற சின்ன ஆயில் ஹீட்டர் மட்டும் போடலாம், ஆனிங்கில் எந்த ஹீட்டரும் கூடாது என்பது சட்டம். அதைப் பத்து நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டு, எல்லோரையும் கட்டைவிரல் காட்டவைத்தவர் ஜெயபாரதியின் கணவர் ரவிசங்கர். துபாயில் ஏசி இன்ஜினியர். இருபது வருஷமாக ஊரையே குளிரவைத்துச் சம்பாதிப்பவர், சூடு விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் போய் இறங்கியதும் ஐந்தாம் எண் வண்டிக்குக் கேபிள் மாட்ட வந்தான் முகாமின் எலக்ட்ரீஷியன். முப்பது வயதிருக்கும். ஜெயபாரதி தன் மகள் தாரிணியிடம் தமிழில் கத்துவதைக் கேட்டுவிட்டு, தானும் தமிழில் பேசினான். பெயர் சோலையப்பன், முதுகுளத்தூர்ப் பக்கம். ஒன்றரை வருஷமாக ஊருக்குப் போகவில்லை. பத்து மாதத்துக்கு முன் பிறந்த பெண் குழந்தையை போனில்தான் பார்த்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை டிக்கெட். அடுத்த வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். கேபிளை முறுக்கிப் பூட்டிக்கொண்டே இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டான். கிளம்பும்போது ஆனிங்கைக் காட்டி, துணிக்கூரைக்கு ஹீட்டர் போட்டால் சூடு பூராவும் மலைக்குத்தான் போகும், ஆளுக்குச் சேராது என்றான்.

சாயங்காலம் குளிர் இறங்கியதும் ஜெயபாரதி மாவுப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தாள். கராமா வீட்டில் ஐந்து மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும் மாவு, இங்கே காலையில் அரைத்து ஊற்றிய கோட்டிலேயே அசையாமல் கிடந்தது. வண்டிக்குள் வைக்க இடமில்லை. முப்பது பேர் தட்டோடு நிற்பது அவள் கண்முன் வந்தது. கராமா கடையில் தள்ளுபடிக்கு வாங்கிய காற்றூதி ஹீட்டர் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று போர்வைக்குள் சுற்றி, கணவருக்குத் தெரியாமல் அவளோடு மலையேறி வந்திருந்தது. ஒரு மணி நேரம் ஓடட்டும், அணைத்துவிடலாம் என்று ஆனிங்கில் மாவுக்கு எதிரே அதை வைத்துவிட்டு, வண்டிக்குள் போய்க் கம்பளிக்குள் காலை நீட்டினாள். அந்தக் கதகதப்பு யாரைத்தான் விட்டது? கண்ணைத் திறந்தபோது விடிந்திருந்தது.

காலை ஆறரைக்கு வரிசை முழுக்க டீக்குத் தண்ணீர் வைத்தார்கள். எட்டுக் கெட்டில்களும் ஒன்றாகக் கொதிக்கத் தொடங்கிய நிமிஷத்தில் லைன் போய்விட்டது. சோலையப்பன் ஓடிவந்து மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். நிற்கவில்லை. மறுபடி தூக்கினான், மறுபடி விழுந்தது. ஜெயபாரதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனிங்குக்குள் ஓடி ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிப் போர்வையால் மூடினாள். ராத்திரி முழுக்க அது ஓடியிருக்கிறது. துணி ஓரம் ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. உள்ளே தாரிணி தூங்கிக்கொண்டிருந்தாள். பற்றியிருந்தால் என்று நினைத்துக்கொண்டே துணி ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

வெளியே சோலையப்பன் மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஒயர்களை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு சுவிட்சைத் தூக்கினான். இந்தத் தடவை நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

முகாம் மேனேஜர் சாகிர் பிக்கப்பில் வந்து இறங்கினார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எதனால் போனது என்று கேட்டார். ரவிசங்கர் முன்னால் வந்து, எங்கள் குழுவில் கூடுதலாக ஒரு ஹீட்டர்கூட இல்லை, சட்டம் போட்டதே நான்தான், ஒயரை இறுக்கியதும் லைன் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள், லூஸ் கனெக்‌ஷனாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்ஜினியர் தோரணையில் ஹிந்தியில் விளக்கினார். அவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

சாகிர் சோலையப்பன் பக்கம் திரும்பினார். போன வாரம் அந்தப் பெட்டியில் வேலை பார்த்தது நீதானே என்று கேட்டார். கான்ட்ராக்டர் வந்து லைன் முழுவதையும் சோதிக்கப் பத்து நாளாகும், அதுவரை நீ எங்கேயும் போகக்கூடாது, லீவு மாஃபி, கலாஸ், அதாவது லீவு இல்லை, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். சோலையப்பன் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைத் துணியில் துடைத்தான். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

ஜெயபாரதி ஆனிங் வாசலில் நின்றிருந்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மாவும் பொங்கியிருக்கிறது, இட்லி கிடைக்கும், பாராட்டும் கிடைக்கும். பேசினால் முப்பது பேர் நடுவில் கணவர் முகத்தில் கரி. திங்கட்கிழமையிலிருந்து லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். இதையெல்லாம் அவள் நினைக்காமல் இல்லை. நன்றாகவே நினைத்தாள். ஆனால் காது குத்தும்போது அந்தக் குழந்தை யார் மடியில் உட்காரும் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. உள்ளே போய் ஹீட்டரை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அது இன்னும் சுட்டது.

"ஒயர்ல ஒரு கோளாறும் இல்ல. இது என்னோடது. மாவு பொங்கணும்னு ஆனிங்ல வச்சேன், ராத்திரி பூரா ஓடியிருக்கு. இவர் ஒயர இறுக்கினதால லைன் நிக்கல, நான் பிடுங்கினதாலதான் நின்னுச்சு."

ரவிசங்கர் ஹீட்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அப்போது ஏழாம் வண்டியிலிருந்து பானுமதி தொண்டையைக் கனைத்தாள். குழந்தையின் துணி காயவில்லை என்று வண்டிக்குள் தானும் ஒன்று போட்டிருந்ததாக முனகினாள். மூன்றாம் வண்டி ஷ்யாம் உள்ளே போய், எல்லோருடையதையும்விடப் பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சரளைக்கல் மேல் வைத்தார். மூன்று ஹீட்டர்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. குழுவில் கட்டைவிரல் காட்டிய அதே கைகள்தான்.

பிறகு ரவிசங்கர் செய்தாரே ஒரு காரியம், அதற்காக ஜெயபாரதி அவரை இன்னும் பத்து வருஷத்துக்குத் திட்டாமல் இருக்கலாம். சாகிரிடம் காகிதம் கேட்டு வாங்கி, மூன்று ஹீட்டரும் சேர்ந்து இழுத்த கணக்கைப் போட்டுக் காட்டினார். தப்பு விருந்தினர்கள் பக்கம், எலக்ட்ரீஷியன் வேலையில் குறையில்லை என்று எழுதி, தன் பெயரும் வேலையும் போட்டுக் கையெழுத்திட்டார். சாகிர் இரண்டு முறை படித்தார். மூன்று ஹீட்டர்களையும் பிக்கப்பில் ஏற்றச் சொன்னார், போகும்போது ஆபீஸில் வாங்கிக்கொள்ளலாம் என்றார். பிறகு சோலையப்பன் தோளில் தட்டி, செவ்வாய்க்கிழமை நீ போகலாம் என்றார். அவருக்கும் ஒரு பாரம் இறங்கியதுபோல்தான் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் ஜெயபாரதி சோலையப்பனிடம் போனாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பெட்டி சரியாகிவிட்டதா என்று எதையோ கேட்டுவைத்தாள்.

"எனக்கு விடியக்காலையிலயே தெரியும்க்கா," என்றான் அவன். "அஞ்சு மணிக்கு ரவுண்டு வந்தேன். முகாமுப் பூனை அத்தனையும் உங்க ஆனிங் ஓரத்துலதான் சுருண்டு கெடந்துச்சு. வேற எங்க சூடு இருக்கும்? தூங்குறவுகள எழுப்பக்கூடாதுல்ல. ஏழு மணிக்குச் சொல்லுவோம்னு இருந்தேன், அதுக்குள்ள லைன் போயிருச்சு."

"தெரிஞ்சும் ஏன் தம்பி மேனேஜர்கிட்ட சொல்லல? லீவே போயிருக்குமே."

"கெஸ்ட்டக் காட்டிக் குடுத்தா வேலையே போயிரும்க்கா. லீவுன்னா தள்ளித்தான போகும்."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மலையில் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோல் சொன்னான். அவளுக்குத்தான் தாங்கவில்லை. வண்டிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். சற்று தள்ளி அவன் போனை எடுத்து ஊருக்குப் போட்டான். அந்தப் பக்கம் கனகா, அவன் மனைவி. இந்த வேளையில் போன் வந்ததே என்று பதறிக் கேட்டிருப்பாள் போல.

"ஒண்ணுமில்ல கனகா, சும்மாதான் போட்டேன். ஆமா, செவ்வாக்கெழம வாரேன். அதுல என்ன மாத்தம்? பாப்பாவ எழுப்பாத, தூங்கட்டும்."

சும்மாதான் என்று அவன் சொன்னது காதில் விழுந்ததும் ஜெயபாரதி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று நிம்மதியாக அழுதாள்.