பதினேழாவது கட்டம்

அக்கா கணினித் திரையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். ‘அழி’ என்ற பொத்தானின் மேல். போன மாதம் அதைத் தெரியாமல் அழுத்தி ஒன்பது நாய்களை ஒரே நொடியில் காணாமல் ஆக்கியவள். பக்கத்தை நகர்த்தினால் பொத்தான் நகரும், பிளாஸ்திரி நகராதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். “அப்ப நகர்த்தாமலே இருந்துட்டுப் போறேன், போடி” என்றாள்.

நகர்த்தாமலே இருந்தாள். திங்கட்கிழமை கடி வாங்கினாள்.

செல்லப்பிராணி மருத்துவமனையில் அவளுக்குப் பதிவு வேலை. பதிந்த பிராணியைத் தூக்கி மேசைமேல் வைப்பதும் அவள்தான். ஒவ்வொரு பிராணிக்கும் பதினெட்டுக் கட்டங்கள். ‘கடிக்குமா?’ என்பது பதினேழாவது, திரைக்கு வெளியே. அங்கே ‘கடிக்கும்’ என்று அவளே தட்டச்சு செய்திருந்தாள்.

அந்தக் கணினிப் பதிவேட்டைச் செய்துகொடுத்தது நான் என்பதால் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன்மா. இல்லன்னா பழையபடி நோட்டுதான்.” சொன்னதோடு நிற்காமல் நீளமான புது நோட்டு ஒன்றும் வாங்கி வைத்துவிட்டார்.

என் தப்புதான். அந்தப் பதிவுப் பக்கம், இணையதளம் கட்ட உதவும் ‘சட்டகம்’ என்ற ஆயத்த மென்பொருளோடு கூடவே வருவது, ரெடிமேட் சட்டை மாதிரி. தோளில் ஒரு விரற்கடை பிடிக்க வேண்டுமென்றால் முழுச் சட்டையையும் பிரிக்கச் சொல்லும். சோம்பலில் அப்படியே மாட்டிவிட்டிருந்தேன். அன்றிலிருந்து அதன் வயிற்றுக்குள் இறங்கிக் கிடந்தேன். வியாழக்கிழமை பிடிபட்டது! இனி வேண்டிய கட்டங்களின் பெயரை ஒரே ஒரு வரியில் எழுதினால் போதும். எழுதிய வரிசையில் கட்டங்கள் நிற்கும், எழுதாதது மறையும், பொத்தான்கூட. குஷியில் சோறு இறங்கவில்லை எனக்கு. சட்டகத்தைச் செய்பவர்களுக்கே இதை அனுப்பிவிட வேண்டும். உலகத்தில் எத்தனை அக்காக்கள் திரையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருக்கிறார்களோ!

சனிக்கிழமை காலை டாக்டர் புது நோட்டோடு கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நான் விசைப்பலகையில் கை வைத்தேன்.

“இரு. ஒரு வரிதானே? நானே எழுதறேன்” என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் எழுதுவாள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. கட்டுப்போட்ட விரலை மடக்கிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். கடிக்குமா, பெயர், மருந்து, போன்.

“பேருதான்க்கா முதல்ல வரணும்.”

“கடி வாங்கினது நீயா, நானா?”

அக்கா கடைசி விசையை அழுத்தினாள். பதினெட்டு நாலாகி, முதல் கட்டத்தில் ‘கடிக்கும்’, ‘கடிக்காது’ என்று வரிசையாக வந்து நின்றன. நான் குதித்தே விட்டேன். அக்கா குதிக்கவில்லை. பிளாஸ்திரியை நகத்தால் கிளப்பி உரித்தாள். அடியில் பொத்தான் இல்லை. வெறும் வெள்ளை. அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் திரையை எட்டிப் பார்த்தார். நோட்டு கையிலேயே இருந்தது.

கதவு திறந்து ஒரு பெண்மணி கூடையோடு வந்து மேசைமேல் வைத்தார். உள்ளே பஞ்சுப்பொதியாய் ஒரு பூனை, அரைக்கண் மூடி. “அடடா, எவ்வளவு சாது!” என்று டாக்டர் குனிந்து மூடியில் கை வைத்தார். அக்கா பெயரைக் கேட்டாள், தட்டினாள், திரையைப் பார்த்தாள்.

“டாக்டர், கையை எடுங்க.”

எடுத்தார். அந்த அவசரத்தில் நோட்டு நழுவிக் கூடையோரம் விழுந்தது. கூடையின் ஓட்டை வழியே ஒரு வெள்ளைப் பாதம் மெதுவாக வெளியே வந்து, அங்குமிங்கும் துழாவி, நோட்டின் புது அட்டையில் நகங்களை இறக்கியது.