ஒரு வாரத்துக்கு வெறும் மாமா

சிம்ரனுக்கு எண்வரிசை வரும். கடிகாரக் கணக்கு வரும். எட்டுப் பேரை வட்ட மேசையைச் சுற்றி உட்காரவைத்து யாருக்கு எதிரே யார் என்று கேட்டால், பந்தியில் இலை போடுகிறவளைப் போல அலுங்காமல் சொல்லிவிடுவாள். ரத்த உறவு மட்டும் வராது.

ரயில்வே வேலைக்கான தேர்வில், தர்க்க அறிவுப் பகுதியில், ‘ரத்த உறவு’ என்று ஒரு தலைப்பு உண்டு. ஒரு குடும்பத்தைப் பற்றிச் சுற்றிவளைத்து ஏதாவது சொல்லிவிட்டு, இவருக்கு அவர் என்ன உறவு என்று கேட்பார்கள். சின்னமனூரில் உரக்கடை மாடியில் மாலை வகுப்பு எடுக்கும் ஃபர்ஹீன் மேடம் ஒருநாள் பலகையில் எழுதினார்: ‘ஒரு புகைப்படத்தைக் காட்டி ஒரு பெண், இவர் என் அம்மாவின் அப்பாவுக்கு ஒரே மகன் என்றாள். அவர் அவளுக்கு என்ன உறவு?’

மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க, சிம்ரன் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

“வீட்டுக்காரரு, மேடம்.”

வகுப்பு சிரித்த சிரிப்பில் உரக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிம்ரன் தெரியாமல் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவின் அப்பாவுக்கு ஒரே மகன் விஜயகுமார். அம்மா ராக்கம்மாள் தன் தம்பியாகிய அந்த விஜயகுமாருக்கே மகளைக் கட்டிவைத்துவிட்டாள். மாமா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்குக் கல்யாணத்துக்குப் பிறகு வேறு வார்த்தை தேடும் சிரமம்கூட இல்லாமல் போயிற்று. மாமியார் காலமாகிவிட்டார். அந்தக் குறை தெரியாமல், பக்கத்துத் தெருவிலிருந்த அம்மாவே நாத்தனாராகவும் இருந்து பார்த்துக்கொண்டாள். பாசம் பொங்கும் நாளில் அம்மா. குழம்பில் உப்புக் கூடிய நாளில் நாத்தனார்.

இதில் சிம்ரனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மால் மருகன் என்று நாம் கையெடுத்துக் கும்பிடும் முருகப்பெருமானே மாமன் மகள்களைத்தான் கட்டியிருக்கிறார். ரயில்வே தேர்வு எழுதியிருந்தால் அவருக்கும் அந்தப் பகுதியில் முட்டைதான் விழுந்திருக்கும்.

ஆனால் அவருக்கு வேலை இருந்தது, சிம்ரனுக்கு இல்லை. தேனியில் ஓர் அறக்கட்டளை, ரயில்வே தேர்வுக்குப் படிப்பவர்களைக் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டு, தேர்வு வரைக்கும் நல்ல ஆசிரியர்களை வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அதில் சேரவே ஒரு தேர்வு உண்டு. போன வருடம் அவள் அதில் மயிரிழையில் தவறியது ரத்த உறவால்தான். இருபத்தைந்து வயது தாண்டியவர்களை அங்கே சேர்ப்பதில்லை. அவளுக்கு ஆடியோடு தாண்டிவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை விட்டால் அப்புறம் விஜயகுமாரின் தோட்டத்தில் வாழைத்தார் எண்ண வேண்டியதுதான்.

வகுப்பு முடிந்ததும் ஃபர்ஹீன் மேடம் அவளை நிறுத்தினார். உத்தமபாளையத்துக்காரர், குரல் உயராமலே கிண்டல் செய்யத் தெரிந்தவர்.

“சிம்ரன், கேள்வி எடுக்குறவுக எல்லாம் வடக்க இருக்காக. அவுகளுக்கு மாமன்னா மாமன் மட்டுந்தான். ஒங்க வீட்டு நெலவரம் அவுகளுக்குத் தெரியாது.”

“தெரியுது மேடம். ஆனா மாமான்னு படிச்சதும் இவரு மொகந்தான் வருது.”

“வரட்டும். வந்தா வெளிய நிக்கச் சொல்லு. எங்கள்ல தாய்மாமனக் கட்டக் கூடாது, அது வெலக்கு. மாமா மகனக் கட்டலாம். எங்க வீட்டுக்காரரே மாமா மகன்தான். கேள்வித்தாளத் தொறந்ததும் அவர நான் வாசலோட நிறுத்திருவேன்.”

“கோவிச்சுக்க மாட்டாகளா?”

“அவருக்குத் தெரிஞ்சால்ல. நீ ஒண்ணு பண்ணு. இந்த ஒரு வாரம் ஒங்க மாமாவ வெறும் மாமாவா மட்டும் நெனச்சுப் பழகு.”

சிம்ரன் அதை வீட்டில் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் விஜயகுமாரிடம் எதையும் வேடிக்கையாகச் சொல்லக் கூடாது. வாழைக்கு முட்டுக் கொடுப்பதானாலும் வாழ்த்து அட்டை வாங்குவதானாலும் முழுசாகச் செய்கிற மனிதர். சாப்பிட்ட கையோடு எழுந்து பாயைச் சுருட்டினார்.

“என்ன மாமா பண்றீக?”

“அக்கா மக வீட்டுல மாமன் படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்? நா தோட்டத்து மோட்டார் ரூம்ல படுத்துக்கிறேன். நீ படி.”

“மேடம் நெனைக்கத்தான் சொன்னாக. பாயத் தூக்கச் சொல்லல.”

“பாதி மாமனா இருந்தா மனசுல ஏறாது பிள்ள.”

மறுநாள் காலை விருந்தாளியைப் போல வாசலில் நின்று செருமினார். “அக்கா மகளே, மாமனுக்கு ரெண்டு இட்லி கெடைக்குமா?” என்று தெருவே கேட்கக் கேட்டார். சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருந்துச்சு மருமகளே, ஒம்புருசன் குடுத்து வச்சவரு” என்று சொல்லிவிட்டுப் போனார். சிம்ரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் இரண்டு நாளில் கேள்விகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட ஆரம்பித்தன. பத்தில் நாலு சரியாக வந்தது ஆறாயிற்று.

தெருவில் வேறு கணக்கு ஓடியது. விஜயகுமார் தோட்டத்தில் படுக்கிறார், பெண்டாட்டியை அக்கா மகள் என்கிறார். செய்தி பக்கத்துத் தெருவுக்குப் போக வெகுநேரம் பிடிக்கவில்லை. ராக்கம்மாள் வெள்ளிக்கிழமை மாலை, கோயிலுக்குப் போகிற சாக்கில் மகள் வீட்டுக்கு வந்தாள். கொல்லையில் சிம்ரன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“மத்ததெல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு. எனக்கு ரத்த உறவுதான் பிரச்சன. ஆமா, நீங்க சொன்னதக் கேட்டு மாமாவும் தள்ளித்தான் படுக்குறாக. ஞாயித்துக்கெழம தெரிஞ்சுரும். இந்தத் தடவ இல்லைன்னா இனிமே கெடையாது.”

ராக்கம்மாள் அப்படியே திரும்பி நடந்தாள். கோயிலுக்கும் போகவில்லை.

சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதை அவள் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை நாளாகியும் மகள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையே என்று ஊர் கேட்கும்போதெல்லாம், படிக்கிற பிள்ளை, தள்ளிப்போட்டிருக்கிறாள் என்று இவள்தான் சமாளித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு டாக்டரம்மா ரத்த உறவு சரியில்லை என்று சொல்லிவிட்டார். தள்ளிப் படுக்கவும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முடிவு தெரியும். இனிமேல் கிடையாது என்றால் என்ன அர்த்தம்?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கடைசி மாதிரித் தேர்வை எடுத்து வைத்துக்கொண்டு சிம்ரன் உட்கார்ந்த நேரத்தில், அம்மா வந்தாள். பின்னாலேயே பண்ணைப்புரத்திலிருந்து பெரியப்பா சங்கிலி வந்தார். அப்பா வண்டன்மேட்டில் ஏலக்காய் எஸ்டேட்டில் இருந்ததால், குடும்பத்துப் பஞ்சாயத்தெல்லாம் அவருடைய அண்ணனாகிய இவர் பொறுப்பு. தோட்டத்திலிருந்து விஜயகுமாரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஏத்தா, ஒளிக்காமச் சொல்லு. ஒங்களுக்குள்ள என்ன பிரச்சன?”

“எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லையே பெரியப்பா.”

“மாப்ள, நீ சொல்லு. ஏன் மோட்டார் ரூம்ல படுக்குற?”

விஜயகுமார் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஞாயிறு வரைக்கும் வேடத்தைக் கலைக்கக் கூடாது என்று அவருக்கு எண்ணம். “நா இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன். எனக்கு இங்கன என்ன வேல?” என்றார்.

ராக்கம்மாள் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“எல்லாம் என்னாலதான். வெளியில நல்ல எடம் வந்துச்சு. எந்தம்பி விட்டுப்போகக் கூடாதுன்னு நாந்தான் பிடிவாதமாக் கட்டி வச்சேன். இப்ப ரத்த உறவு பிரச்சனன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. ஒங்க ரெண்டு பேரு வாழ்க்கையவும் கெடுத்துட்டேன்.”

சிம்ரனுக்கு விஷயம் புரிந்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. பெரியப்பா முகத்தைப் பார்த்தால் இன்னும் வந்தது. மாதிரித் தேர்வு விரித்தபடி கிடந்தது. பரீட்சைக்கு ஒரு பகல்தான் மிச்சம். ‘அது பாடம்மா, போங்க’ என்று ஒரு வரி சொல்லி எல்லோரையும் கிளப்பிவிட்டிருக்கலாம். சொல்லியிருந்தால் தப்பும் இல்லை. ஆனால் அம்மா அழுது ஓயவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத கண். ஒரு வரியில் அது அடங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறர் பயத்துக்குக் கொடுக்கிற நேரத்தை ஆண்டவன் எங்கேயும் வீணாக்குவதில்லை என்று நான் நம்புகிறேன். சிம்ரன் அந்த நேரத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டரு இல்லம்மா, டீச்சரு. ரத்த உறவுங்கிறது பரீட்சையில வர்ற பாடம். எங்களுக்கு ஒண்ணுமில்ல. வேல கெடைக்கட்டும்னுதான் பிள்ளைக்குப் பொறுத்திருக்கோம். அது நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சது.”

“என்னையச் சமாதானப்படுத்தச் சொல்ற.”

“இங்க பாரு, பாடத்தையே காட்டுறேன். ‘கமலா ரவியின் தங்கை. ரவியின் மகன் மோகன். மோகனுக்குக் கமலா என்ன உறவு?’ சொல்லு.”

ராக்கம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, “மாமியா” என்றாள்.

“அத்தைம்மா.”

“அத்தைன்னா மாமியாதான? கமலா மகளத்தான மோகனுக்குக் கட்டணும்.”

பெரியப்பா குறுக்கே வந்தார். “கமலாவுக்கு மக இருக்கா?”

“கேள்வில சொல்லல பெரியப்பா.”

“அதச் சொல்லாம எப்படிக் கேக்குறான்? விசாரிக்கணும்ல. ரவி என்ன தொழில் பாக்குறான்?”

“அதுவும் இல்ல.”

“தொழிலும் தெரியல, தங்கச்சிக்குப் பிள்ள இருக்கான்னும் தெரியல. இதுல மொற மட்டும் கேக்குறான். வெளங்குன மாதிரிதான்.”

சிம்ரன் அடுத்ததைச் சொன்னாள். அதற்கடுத்ததையும் சொன்னாள். ராக்கம்மாள் ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தாள். பெரியப்பா பாக்கி இருந்தவர்களுக்கு மாப்பிள்ளை பார்த்தார். ஒரு கேள்வியில் அண்ணன் தங்கை இரண்டு பேருமே வெளியூரில் சம்பந்தம் செய்துகொண்டதாக வந்தபோது, “பேச்சுவார்த்த இல்லையோ என்னமோ” என்று இருவரும் வருத்தப்பட்டார்கள். விஜயகுமார் வேடத்தை மறந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அம்மா, கேளு. இவுக நம்ம ஆளுக இல்ல. நம்ம மாதிரி இவுகளுக்கு மொற கெடையாது. அத்தை அத்தையோட நின்னுரும். மாமா மாமாவோட நின்னுரும். இவுக வேற வீட்டு மனுசங்க. நாம அவுக வீட்டுக்குப் போனா, அவுக போட்டதத்தான் சாப்பிடணும். நம்ம வீட்டுக் குழம்பக் கேக்கக் கூடாது.”

சொல்லி முடித்தபோது சிம்ரனே கொஞ்சம் திகைத்துப்போனாள். ஒரு வாரமாக மாமாவை மறக்கப் பார்த்ததற்கு இது எவ்வளவோ சுலபமாக இருந்தது. யாரையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லை. பாய் சுருட்ட வேண்டியதில்லை. அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போவதுபோல அடக்கமாகப் போய்விட்டு வந்தால் போதும்.

“அப்ப நெசமாவே ஒண்ணுமில்லையா?” என்றாள் ராக்கம்மாள்.

“ஒண்ணுமில்லம்மா.”

“சத்தியமா?”

“ஒம்மேல சத்தியமா.”

ராக்கம்மாள் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். வந்தவள் நாத்தனாராக வந்தாள். “பிள்ள பரீட்சைக்குப் படிக்கிது, சுத்தி உக்காந்து என்ன கூத்தடிக்கிறீக? மச்சான், நீங்க எங்க வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க. ஏலே விஜயா, நீயும் எந்திரி. ஒனக்கு என்ன சிரிப்பு?” என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனாள். மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் தூக்குவாளியில் வந்தன. கொண்டுவந்த அம்மா உள்ளேகூட வராமல் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தேனியில் தேர்வு. வினாத்தாளில் ரத்த உறவு ஐந்து கேள்வி. சிம்ரன் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனாள். அவர்கள் வழக்கம் என்னவோ அதைப் பார்த்துவிட்டு, சொன்னதை எழுதிவிட்டு வந்தாள். அன்றே மூன்று மணிக்கு முடிவைப் படித்தார்கள். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. வாசலோரமாகப் பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்றிருந்த விஜயகுமார், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். கடைசிக்கு முந்தின பெயர் சிம்ரன்.

சேர்க்கை மேசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்து பதிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வந்து நின்ற விஜயகுமாரை நிமிர்ந்து பார்த்தார்.

“கூட வந்திருக்கிறது யாரும்மா? என்ன உறவு?”

ஒரு வாரப் பழக்கம் வாயில் இருந்தது. “தாய்மாமா” என்றாள் சிம்ரன்.

விஜயகுமாரின் முகம் சுருங்கிப்போயிற்று. வேடத்தை அவர் காலையிலேயே கலைத்துவிட்டிருந்தார். புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிம்ரன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“வீட்டுக்காரரும் இவுகதான் சார்.”

மீசைக்காரர் பேனாவை நிறுத்தினார். கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. பின்னால் வரிசை நின்றது, யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“பதட்டப்படாத தாயி,” என்றார். “பெரியகுளத்துல எங்க வீட்லயும் இதே கததான்.”

தாய்மாமா என்று எழுதியிருந்ததை அடிக்காமல், பக்கத்திலேயே எழுத்தை நெருக்கிக் கணவர் என்றும் எழுதினார். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. விஜயகுமாரிடம் பேனாவை நீட்டி, “ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார்.