சரக்கு இல்லை என்ற டாக்டர்

ஒரு வியாபாரி "சரக்கு இல்லை" என்றால் நான் நம்ப மாட்டேன். கொருக்குப்பேட்டையில் பருப்பு மண்டி வைத்து என் தலை நரைத்தாயிற்று. இல்லை என்பவன் குடோனில் பதுக்கியிருப்பான். நாளைக்கு விலை ஏறும். அவ்வளவுதான்.

ராயபுரத்து லேடி கண் டாக்டர் மேல் எனக்குச் சந்தேகம் வந்ததும் அதனால்தான். என் மகள் ஜெமிமாவுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. பெண் பார்க்க வந்த தூத்துக்குடிக்காரர்கள் கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். லேசர் செய்தால் கண்ணாடியே வேண்டாமாம். இரண்டு இடத்தில் விசாரித்தோம். அண்ணா நகர் டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். "பிளேடால மெல்லிசா மூடி மாதிரி கீறி, அதுக்கடியில லேசர். மறுநாளே தெளிவாத் தெரியும். சனிக்கிழமை வாங்க" என்றார்.

ராயபுரம் லேடி டாக்டரோ மெஷினில் அளந்தார், மறுபடியும் அளந்தார்.

"கீறாம, மேல மட்டும் சுரண்டிட்டுச் செய்யற முறையும் இருக்கு. வலிக்கும், ஆற நாளாகும். ஆனா இவங்க கருவிழி ரொம்ப மெல்லிசு. எந்த முறையிலயும் நான் செய்ய மாட்டேன். பின்னாடி பார்வையே கெட்டுப்போகலாம்."

வருகிற காசை வேண்டாமென்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? "கூடப் போட்டுத் தாரேம்மா" என்றேன். முறைத்தார். சரிதான், விலை ஏற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவங்க சொல்றது நெசமா இருந்தா, அப்பா?" என்றாள் ஜெமிமா.

"ஏட்டி, வியாபாரம் எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

சனிக்கிழமை அண்ணா நகர் போக ஆட்டோ வந்து நின்றது. ஜெமிமா கண்ணாடியைக் கழற்றி என் கல்லாப்பெட்டியில் வைத்தாள். "இனி இது எதுக்குப்பா?" என்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்து இட்லிக்கடை குப்பம்மா வந்தாள்.

"அண்ணாச்சி, உளுந்து குடு."

"இல்லை."

"இன்னா இல்ல? பின்னால மூட்ட மூட்டையா கீது! வெல ஏத்தறதுக்குப் பதுக்கி வெச்சிகினு கீறியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கூறுகெட்டவளே! அது வண்டு விழுந்த சரக்கு, திருப்பி அனுப்ப வச்சிருக்கேன். மாவு பொங்காது, உன் பொழப்பு நாறிப்போகும். வேற எவனாச்சும்னா காசை வாங்கிட்டு அள்ளிக் கொடுத்திருப்பான். எனக்கு மனசு வரலை, அதான் இல்லைங்கேன்!"

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று முனகிக்கொண்டே போனாள்.

அந்த டாக்டரம்மா முதலிலேயே சொல்லித்தான் இருந்தார்.

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஜெமிமா வாசற்படியைக் காலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். கல்லாவைத் திறந்து கண்ணாடியை எடுத்து வேட்டியில் துடைத்தேன்.

"போட்டுக்கோம்மா" என்றேன். "ஆட்டோவ நான் அனுப்பிருதேன்."