மைக்கில் விழாத மூன்று சுரம்

கல் அறுக்கும் பட்டறையில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் புல்லாங்குழல். பக்கத்துத் தெரு இசைக்குழுவில் குழல்காரர் விலகிப்போக, குழுத்தலைவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தினம் வாசிக்கிறதைப் பதிவு பண்ணிக் கேளு. உன் தப்பு உனக்கே தெரியும். தப்பில்லாம ஒண்ணு கொண்டா, சேர்த்துக்கறேன்."

அந்த இடம் கிடைத்தால் அறுப்பு மிஷினை விட்டே போய்விடலாம். இடுப்பு அன்றைக்கே சந்தோஷப்பட்டது.

போனில் பதிந்து கேட்டேன். கீழ்ச்சுரமெல்லாம் வந்தது. மேலே ஏறினால் கடைசி மூன்று சுரம் காணோம், வெறும் காத்து. சட்டையில் குத்திக்கொள்ளும் மைக், இருந்ததிலேயே மலிவானது ஒன்று வாங்கினேன். அதிலும் அதே கதை. பெட்டியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இரைச்சல் நீக்கும் வசதி' என்று போட்டிருந்தது. அட பாவி, என் வாசிப்பையே இரைச்சல் என்று தள்ளிவிட்டதா!

மாற்றி வாங்க மனைவியோடு போனேன். பேரம் அவளுக்குத்தான் வரும்.

கடைக்காரர் சிரித்தார். "நீளமா ஊதினா ஃபேன் சத்தம்னு நினைச்சுக்கும்ணே. இந்தப் பொத்தானை அணைச்சிடுங்க. இல்லேன்னா இந்த மேசை மைக் பாருங்க, விலை கொஞ்சம் கூட. வாய்க்கு நேரா வைக்காம ஒரு முழம் தள்ளிச் சாய்ச்சு வெச்சா காத்து அடிக்காது. ரெண்டுலயும் வாசிச்சுப் பாருங்களேன்."

"வீட்டுல என் காது கிழியறது போதாதா? இங்கயுமா?" என்றாள் மனைவி.

பொத்தானை அணைத்து ஒன்றில் வாசித்தேன். பிறகு மற்றதில். விரல்கள் தடுமாறவில்லை. உதட்டில் காற்று சரியாகப் பிடித்தது. ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். சட்டை மைக்கில் அந்த மூன்றும் இல்லை. மேசை மைக்கிலும் இல்லை.

"இதுவும் ஓட்டைதான் தம்பி. மேல ஒண்ணுமே விழலை."

கடைக்காரர் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டார். மறுபடி கேட்டார். வயரைப் பிடுங்கி ஸ்பீக்கரில் சொருகினார். வாசலில் போன் கவர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காத்துதான் கேட்டது.

"கேக்குதேங்க," என்றாள் மனைவி. "மூணும் கணீர்னு கேக்குது. கடைசிதான் கொஞ்சம் பிசிறு. வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும்."

"நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க வேணும்னே வாசிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன வேலைண்ணே?"

"கல் அறுக்கிறது."

"காதுக்குப் பஞ்சு கிஞ்சு?"

"வெச்சா மேஸ்திரி கூப்பிடறது கேக்காது. அதுக்கு வேற திட்டு."

வாசிக்கும்போது கேட்கிறது என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். விரல் சொன்னதையும் உதடு சொன்னதையும் காது கேட்டதாகக் கணக்கில் வைத்திருக்கிறேன். எப்போதிருந்து என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"மேசை மைக்குல இன்னும் சுத்தமா இருக்கு," என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். "நான் கேட்டுச் சொல்றேங்க. தப்பு வந்தா நிறுத்தச் சொல்றேன்."

"மேடையிலயும் பக்கத்துல வந்து உக்காருவியா?"



"இதையே வெச்சுக்கறீங்களா, மேசை மைக்குக்கு மாத்தி பில் போடட்டுமாண்ணே?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் வேண்டாம் தம்பி."

தெருவில் இறங்கினோம். "தலைவர் கேட்டா என்னங்க சொல்றது?" என்றாள்.

"வேற ஆள் பாத்துக்கச் சொல்லு," என்றேன்.