ஈரத்தோடு போட்ட விரிப்பு

இந்தக் காலத்து மனுஷர்களுக்கு ஒரு பழக்கம். எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டு அப்புறம் வந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். பதில் வருவதற்குள் போனைப் பார்ப்பார்கள். தலை மட்டும் ஆடும். சுவரிடம் பேசினால் அது தலையையாவது ஆட்டாது. அந்த மட்டுக்கும் மரியாதை.

கிழவர் இப்படிப் புகைந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அவருடைய மகள். சலவைக்கூடம் இப்போது அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்து, உலர்த்தி, மடித்து, சாயங்கால வண்டியில் ஏற்றி அனுப்புகிற தொழில். அங்கே ஒரு புது மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

"கொண்டுவந்து வெச்சாச்சு. இனிமே நான் நல்லா இருக்குன்னா என்ன, நாறுதுன்னா என்ன?"

"ஒரு மாசம் வெச்சுப் பார்க்கத்தான்பா குடுத்திருக்காங்க. வண்டியில கூடுதலா மூட்டை ஏறலேன்னா திருப்பி அனுப்பிடுவேன். சத்தியமா."

அந்த வார்த்தையைக் கிழவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மெஷின் என்றால், ஒரு பெரிய கட்டில் அகலத்துக்குச் சூடான உருளை. முன்னால் இரண்டு பேர் நின்று விரிப்பின் விளிம்பைக் கொடுத்தால் உள்ளே இழுத்து, தேய்த்து, தானே மடித்துப் பின்பக்கம் தள்ளிவிடும். தானே மடிக்கிறதே, அங்கேதான் கிழவருக்கு வயிறு எரிந்தது.

இத்தனை வருஷமாக மடித்தது அவரும் அவர் பெண்சாதியும். இந்தப் பக்கம் இவர், எதிர்ப்பக்கம் அவள். கையைத் தூக்கி இருவரும் ஓர் உதறு. பிறகு அவள் நடந்து வந்து தன் முனைகளை இவர் கையில் கொடுப்பாள். குனிந்து மடிப்பைப் பிடித்துக்கொண்டு விலகிப் போவாள், மறுபடி வருவாள். வீட்டில் இருவரும் கீரியும் பாம்பும். காலையில் ஏதாவது ஒன்றுக்கு முட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார்கள். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒருத்தி ஓயாமல் நடந்து வந்து முகத்துக்கு நேரே நின்றால் எவ்வளவு நேரம்தான் கோபத்தைச் சுமப்பது?

இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால், "துணியைக் கிழிச்சிடும், பாத்துக்கிட்டே இரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிழிக்கவில்லை. ஆனால் வேறொரு வேடிக்கை நடந்தது. சாயங்கால வண்டியில் மூட்டை கூடவேயில்லை. புது மெஷின் மடமடவென்று மடித்துத் தீர்த்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உலர்த்துகிற டிரம்மோ அதே பழையது. அது ஆடி அசைந்து சுற்றிக்கொண்டிருக்க, அதன் முன்னால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"என்ன பாப்பா, மகாராஜா பசியோட உக்காந்திருக்கார் போலிருக்கே?" என்பார் கிழவர், மெஷினைக் காட்டி. மகள் டிரம்மையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் முகம் வாடுவதைப் பார்க்க ஒரு பக்கம் கஷ்டமாகவும் இருந்தது.

மெஷின் கம்பெனிக்காரன் முதல் நாளே சொன்னான், "ஈரத்தோடயே போடலாம், உருளைச் சூட்டுல காஞ்சிடும்" என்று. விற்க வந்தவன் என்னதான் சொல்லமாட்டான்! பல வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை ஈரம் போகாமல் மடித்து அனுப்பி, வாடையடித்து, ஒரு விடுதிக்காரர் கைகழுவிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து நன்றாகக் காயாத துணி மடிப்புக்கு வரக்கூடாது என்பது அங்கே சட்டம். போட்டவர் கிழவர். மகளும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள்தானே. கம்பெனிக்காரன் சொன்னதைக் கேட்டு அப்பனும் மகளும் ஒரே மாதிரி உதட்டைச் சுழித்தார்கள். யாரும் போட்டுப் பார்க்கவேயில்லை.

கடைசி நாள் வந்தது. சாயங்காலம் கம்பெனிக்காரன் வருகிறான். கிழவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் மனசு மாறிவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் போனில் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பிழிந்து வந்த ஈரக் குவியலிலிருந்து சின்ன விரிப்பு ஒன்றை உருவி உருளைக்குக் கொடுத்தார். சுருட்டிக்கொள்ளட்டும். சிக்கட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

குப்பென்று ஆவி கிளம்பியது. கிழவர் மனசு குளிர்ந்தது. விரிப்பு பின்பக்கம் போய் மடிந்து விழுந்தது. அங்கே நின்றிருந்த பெண்சாதி அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, ஈரக் கையோடு திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"பாப்பா, இங்க வா."

ஆச்சு, மானம் கப்பலேறியது என்று நினைத்தார் கிழவர்.

"உங்கப்பா என்ன கண்டுபிடிச்சிருக்கார் பாரு. ஈரத்தோடயே போட்டார், மொறமொறன்னு வந்திருக்கு. விரிப்புக்கு டிரம்மே வேண்டாம்டி!"

மகள் தொட்டுப் பார்த்தாள். இன்னொன்று போட்டாள், மோந்து பார்த்தாள். பிறகு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் கம்பம் மாதிரி நின்றார். அதற்கப்புறம் கூடத்தின் ஓட்டமே வேறு. விரிப்பெல்லாம் நேராக உருளைக்கு, துண்டுகள் மட்டும் டிரம்முக்கு. டிரம் முன்னால் நின்றவர்கள் அள்ளவும் கட்டவும் போனார்கள். சாயங்கால வண்டி பிதுங்கிக்கொண்டு கிளம்பியது. மிச்சத்துக்குத் திரும்பி வருகிறேன் என்றார் டிரைவர்.

கிழவர் பெண்சாதியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் எதுக்குப் போட்டேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியாம? கல்யாணம் பண்ணது நேத்தா?"

"அப்புறம் ஏன் காட்டிக்குடுக்கலை?"

அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோள் வரை வந்தது. அதற்குமேல் வரவில்லை, முகம்தான் சுருங்கியது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளா. உதறும்போது உயிர் போகும்."

"ஊமையா நீ? சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்னை வீட்டுல உக்கார வெச்சிட்டு, எதிர்ல வேற ஆளை நிறுத்தியிருப்பீங்க. நாளெல்லாம் எவ முகத்தையோ பாத்துட்டு, காலைல போட்ட சண்டையை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவீங்க. எனக்குத் தேவையா அது?"

கிழவர், இன்னும் தூக்கியபடியே இருந்த அவள் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

கம்பெனிக்காரன் வந்தான். "ஐயா, எப்படி இருக்கு நம்ம மெஷின்?"

"நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.

"இருந்துட்டுப் போகட்டும்."

"அப்போ பிடிச்சுப்போச்சு!" என்றான் கம்பெனிக்காரன்.

"எவன் சொன்னான்? இரும்புதானேய்யா அது. இன்னைக்குக் காயவெச்சுது, நாளைக்குப் பொசுக்கும். நான் பாக்கத்தானே போறேன்."

பெண்சாதி உருளைக்கு முன்னால் போய் நின்று, ஈர விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினாள். இடுப்பு உயரம்தான். கையைத் தூக்க வேண்டியதில்லை.

"வாங்க. பக்கத்துல பக்கத்துல நின்னு போடலாம்."

"பக்கத்துல நின்னா மூஞ்சி எங்கடி தெரியும்?"

"கழுத்துன்னு ஒண்ணு இருக்கே, திருப்பிப் பாருங்க."

கம்பெனிக்காரன் சிரிப்பை அடக்கினான். கிழவர் வந்து ஒன்றே ஒன்று போட்டார். அது போன வேகத்தை முறைத்துப் பார்த்தார். "ஒத்துக்க முடியாது" என்று முனகிக்கொண்டே, மிச்ச மூட்டைக்கு வண்டி திரும்பி வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்து நடந்தார்.