போர் நடக்காத நாட்டுக்கு ஒரு பெயர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி, "அந்தப் போர் மட்டும் நடக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, குழாயை மூடிவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அவள் தம்பி அந்தப் போரில் செத்தவன். அவள் முடிக்காத வாக்கியத்தை நான் நானூறு பக்கத்துக்கு முடித்துவைத்தேன். அடுத்தவர் பெருமூச்சு விட்டால் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடுவதுதானே எங்கள் தொழில்.

2

போர் நடக்கவில்லை என்றால் நாடு இரண்டாக உடைந்திருக்காது. உடையாத நாட்டுக்கு இன்றைய பெயர் செல்லாது. புதுசாக ஒன்று வேண்டும்.

'மாட்சிமை பொருந்திய ஐக்கியச் செம்பரிதிக் கூட்டரசின் தலைநகரில் அன்று...'

(இந்த வாக்கியம் இதற்கு மேல் நகரவில்லை. அதற்கே மூச்சு வாங்கியது.)

நாவலின் முதல் பக்கத்து வரைபடம் இன்று அச்சுக்குப் போக வேண்டும். பதிப்பாளர் காலையிலிருந்து போனில்.

"சார், பேரு ரொம்ப நீளம். பாதி கடல்ல விழுது."

"அப்ப செம்பரிதி மட்டும் போடுங்க."

"பல்பொடி மாதிரி இருக்கு சார்."

"பேரொளியம்?"

"லைட்டுக் கடைன்னு நினைச்சுக்குவாங்க. நானூறு பக்கம் எழுதத் தெரியுது, ஒரு பேரு வைக்கத் தெரியலையா?"

3

உண்மையில் என் பயம் பெயர் பற்றியதல்ல. பக்கத்து அறையில் மனைவி கைப்பிரதியைப் படித்துக்கொண்டிருக்கிறாள். தாள் புரளும் சத்தம் கேட்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் அவள் தம்பி வருகிறான்.

போர் இல்லாததால் அவன் சாகவில்லை. அது வரைக்கும் சரி. ஆனால் சாகாதவன் அப்புறம் என்ன செய்வான்? (வீரனாக்கினேன், சிலை மாதிரி நின்றான். கவிஞனாக்கினேன், எனக்கே பொறுக்கவில்லை.) கடைசியில் ஒரு தொந்தியும் ரயில்வே வேலையும் கொடுத்து, அப்பா வீட்டைப் பங்கு பிரித்ததில் அக்காவோடு சண்டை போட்டு, பேச்சை முறித்துக்கொண்டவனாக எழுதினேன். சட்டென்று உயிர் வந்துவிட்டது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

இப்போதுதான் உறைக்கிறது. செத்த தம்பியை எழுப்பிக் கூட்டிவந்து, அவளோடு பேசாமல் உட்கார வைத்திருக்கிறேன்.

தாள் சத்தம் நின்றுவிட்டது.

4

முடிவு ஒன்று: கைப்பிரதியை என் தலையில் போடுகிறாள். (எடை போதும்.)

முடிவு இரண்டு: அவள் அழ, நான் தேற்ற, இருவரும் ஜன்னலோரம் நின்று... (வேண்டாம். என் பழைய நாவல்களில் ஏற்கெனவே ஜன்னலோரம் இடமில்லை.)

நடந்தது இதுதான். ஒரு பக்கத்தில் விரலைச் செருகியபடி கதவருகே வந்து நின்றாள்.

"வீட்டுக்காகவா எங்கிட்ட பேச மாட்டேங்கறான்?"

"மாத்திடறேன். இப்பவே சமாதானம் பண்ணி..."

"கை வைக்காதீங்க. அவன் அப்படித்தான். ஒரு பென்சிலுக்கே ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்."

விரல் செருகிய பக்கத்தைத் திறந்து மறுபடி பார்த்தாள்.

"பேசாட்டிப் போறான். இருக்கான்ல?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நானே போய்ப் பேசிக்கறேன். அந்த நாட்டுக்கு என்ன பேரு?"

போன் அடித்தது.

5

நான் எடுக்கவில்லை. வாசகரே, வரைபடத்தின் நடுவில் காலி இடம் விட்டிருக்கிறேன். பெயரை நீங்கள் வையுங்கள். மாட்சிமை வேண்டாம், பரிதியும் வேண்டாம். வரிசையில் நின்று, டிக்கெட் கவுண்டர் கண்ணாடியின் சின்ன ஓட்டைக்குக் குனிந்து, ஒரு பெண் ஒரே மூச்சில் சொல்லும்படி இருந்தால் போதும்.

கொஞ்சம் சீக்கிரம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.