நிய்யத்து இல்லாத நோன்பு

அஸ்ஃபியா நோன்பு வைத்திருக்கிறாள் என்று கொடைக்கானல் பஜாரில் பாதிப் பேருக்குத் தெரியும். அவள் அம்மா ஆமினா சொல்லாமல் விட்ட ஆள் கிடையாது. ரமலானில் மாதவிலக்கு நாட்களில் விட்டுப்போன நோன்புகளைப் பிறகு வைத்து ஈடுகட்ட வேண்டும். களா நோன்பு என்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதை அடுத்த ரமலான் வாசலில் வந்து நிற்கும்வரை தள்ளிப்போடுவார்கள். பதினேழு வயதுப் பெண் பெருநாள் முடிந்த கையோடு ஆரம்பித்துவிட்டாள் என்றால் எந்த அம்மாவுக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

உண்மையில் அது ஆரம்பித்தது பெருநாள் அன்று, பிரியாணித் தட்டின் முன்னால். பழனியிலிருந்து வந்த மாமி, அஸ்ஃபியாவின் தட்டில் தானே இரண்டாம் முறை அள்ளிப் போட்டுவிட்டு, கரண்டி கையில் இருக்கும்போதே சொன்னாள்: "பொண்ணு களையாத்தான் இருக்கா. ஆனா வாசல்ல மூஞ்சி வர்றதுக்கு முன்னாடி வயிறு வந்துருதே." வீடே சிரித்தது. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வது, சாப்பிட்டால் கிண்டல் செய்வது. இந்த மாமிகளுக்கு எந்தப் பக்கம் போனாலும் வெற்றிதான். அப்புறம் கைப்பேசியைத் திறந்தால், விரல் வைத்த இடமெல்லாம் வயிறே இல்லாத பெண்கள். அஸ்ஃபியா மறுநாளே நோன்பு பிடித்தாள்.

அதைவிட வசதியான மறைப்பு உண்டா? சாப்பிடு என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். விடியுமுன் சகருக்கு மூன்று பேரீச்சை, அந்தியில் நோன்பு திறக்க அரைக் கிண்ணம் கஞ்சி. "அவ்வளவுதாம்மா எறங்குது" என்றால், ஆமினா பூரித்துப்போய்க் கையேந்தி துஆ செய்வாள்.

மே மாத சீசன். அத்தா ஒலியுல்லாவின் சால்வைக் கடையில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு மதியம் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அஸ்ஃபியாவும் தங்கை மஹ்ஜபினும் மேட்டுத் தெருவில் ஏறி வந்தார்கள். பாதிப் படியில் அஸ்ஃபியாவுக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள். அந்தக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது.

பதினைந்து வயது மஹ்ஜபின் வாயாடி. அன்று மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, ரமலான்ல உனக்கு விட்டுப்போனது ஏழு. எனக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"பெருநாளுக்கு மறுநாள்லருந்து முப்பத்தெட்டு நாளா ஒருநாள் விடாம வச்சிருக்க. பொம்பளப் புள்ளைக்கு அது எப்படிக்கா முடியும்? நடுவுல விடுற நாளே உனக்கு வரலையே."

அஸ்ஃபியா முக்காட்டு நுனியால் வேர்வையைத் துடைத்தாள். வராதது அவளுக்குத் தெரியும். பயமாகவும் இருந்தது; ஆனால் நோன்பை நிறுத்த வேண்டியதில்லை என்ற நிம்மதியும் கூடவே இருந்தது. அதை நினைக்கத்தான் இப்போது வெட்கமாக இருந்தது.

"இன்னைக்கு வெள்ளனே என்ன நிய்யத்து வச்ச?"

அந்தக் கேள்விக்கு அஸ்ஃபியா இன்றைக்கும் நன்றி சொல்கிறாள். இன்ன நோன்புக்கு என்று மனதில் உறுதி செய்யும் நிய்யத்து இல்லாமல் நோன்பே கிடையாது. அன்று காலையில் அவள் செய்தது ஒன்றுதான்: கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று வயிற்றைப் பார்த்தது. மாமி கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுத்துப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒண்ணும் வைக்கல."

"அப்ப இது நோன்பே இல்லக்கா. வெறும் பட்டினி. பட்டினிய முறிச்சா பாவம் கெடையாது. எந்திரி."

வீட்டுக்கு வந்ததும் மஹ்ஜபின் சோறும் பருப்பும் பிசைந்து தட்டை முன்னால் வைத்தாள். முதல் கவளத்தை அஸ்ஃபியா தண்ணீர் குடித்துத்தான் இறக்கினாள். இரண்டாவதை எடுக்கும்போது ஆமினா அடுக்களைக்குள் வந்தாள்.

"அக்காவுக்கு இன்னைக்கு நோன்பு விடுற நாளும்மா," என்றாள் மஹ்ஜபின், பட்டென்று. எந்த அம்மாவும் நம்பிவிட்டு நகர்ந்துவிடும் பொய். ஏழு நாள் கழித்து மறுபடி தொடங்கவும் வழி விடுகிற பொய்.

அஸ்ஃபியாவுக்கு அது விளங்கியது. "இல்லம்மா," என்றாள். "எனக்கு அது ரெண்டு மாசமா வரல. நான் வச்சது நோன்பே இல்ல. மாமி சொன்னதுலருந்து சாப்பிடப் பயமா இருக்கு."

ஊரெல்லாம் பெருமை பேசிய அம்மாவின் முகம் என்ன ஆகுமோ என்றுதான் பயந்தாள். ஆமினா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அவ சொன்னப்ப நானும் சேர்ந்துதானே சிரிச்சேன்," என்றாள்.

பழக்கத்தில் சோற்றை அள்ளப் போன கையை ஆமினா பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எவ்வளவு முடியுதோ நீயே போட்டுக்கம்மா. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போவோம். நானும் வர்றேன்."

அஸ்ஃபியா அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஐந்து கவளம்தான் இறங்கியது. இனி கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு வேளையும் இந்தப் பாடுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. மஹ்ஜபின் அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இந்த வாயாடி முப்பத்தெட்டு நாளும் வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஊரே மெச்சிக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்திதான் தன்னைப் பார்த்திருக்கிறாள். அந்த நன்றி அஸ்ஃபியாவின் நெஞ்சு கொள்ளவில்லை.

கை கழுவப் போகுமுன் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். சாப்பிட்டு முடித்தால் இறைவனுக்கு நன்றியாக எல்லோரும் சொல்வதுதான். அவள் அதைத் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.